வாப்பா இரண்டு இரவோடு மாஸ்க்கைக் கழற்றிவிட்டார்: சீபாப் போடுகிறவர்கள் சொல்லுங்கள்

2024 ஜூலை 13, மாலை
கேள்வி, அக்கரைப்பற்றிலிருந்து

என் வாப்பாவுக்கு 61 வயது. குறட்டை எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. ஆனால் குறட்டை நடுவில் நின்றுபோய், பிறகு திணறிக்கொண்டு அவர் எழும்புவதை உம்மா பல வருடங்களாகப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார். சோதித்ததில் நித்திரையில் மூச்சு தடைப்படும் நோய், அதுவும் கடுமையான நிலை என்றார்கள். கடன் பட்டு, நித்திரையில் மாஸ்க் வழியாகக் காற்று ஊதும் சீபாப் இயந்திரம் வாங்கினோம். இரண்டு இரவு போட்டார். மூன்றாம் இரவு கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, "மூச்சு விட அல்லாஹ் மூக்கைத் தந்திருக்கிறான், எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். ஒரு தடவை பழகினால் சாகும்வரை அதற்கு அடிமை என்று யாரோ அவரிடம் சொல்லியும் இருக்கிறார்கள். இது எல்லோருக்கும் ஒத்துவராத ஒன்றா? காசு போனதுதானா?

2024 ஜூலை 13, இரவு

தம்பி, காசு போகவில்லை. இயந்திரத்தை யாருக்கும் விற்றுவிடாதீர்கள். நான் கல்லடியில் இருக்கும் ஆசிரியை, 54 வயது. ஒரு வருடமும் நான்கு மாதமுமாக இதைப் போட்டுக்கொண்டுதான் நித்திரை கொள்கிறேன். ஆறாம் இரவு நானும் கழற்றி வைத்தவள்தான்.

வாப்பாவிடம் "ஏன் போடவில்லை" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்தில் கஷ்டமாக இருந்தது" என்று கேளுங்கள். மூக்குத் தண்டு வலித்ததா, கண்ணுக்குள் காற்று அடித்ததா, வாய் காய்ந்ததா, வயிறு ஊதியதா, அடைபட்டதுபோல் பயம் வந்ததா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பரிகாரம் இருக்கிறது. "ஒத்துவரவில்லை" என்ற சொல்லுக்கு மட்டும்தான் பரிகாரம் இல்லை. நாளை விரிவாக எழுதுகிறேன்.

2024 ஜூலை 14

ஞாயிற்றுக்கிழமை, நேரம் இருக்கிறது. முதலில் என் கதை. வாப்பாவுக்கு வாசித்துக் காட்டலாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வதுதான் வழக்கம் என்பது உங்களுக்கும் தெரியும். என் கணவரும் என் தாய் எனக்குத் தந்த வீட்டுக்கு வந்தவர்தான். வந்த வீட்டில் மனைவி குறட்டை விடுகிறாள் என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தாரோ என்னவோ, ஏழெட்டு வருடங்கள் வாய் திறக்கவில்லை. விறாந்தையில் கடற்காற்று நன்றாக வருகிறது என்று சொல்லிப் பாயை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நானும் அதை நம்பினேன்.

காலையில் எழும்பும்போதே தலை இடிக்கும். இரவில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழும்புவேன். நீரிழிவாக இருக்குமோ என்று இரத்தம் சோதித்தேன், இல்லை. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை போட்டும் இறங்கவில்லை. மாதவிடாய் நின்ற வயது, இப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பதை அன்று யாரும் சொல்லவில்லை. குறட்டை என்றால் ஆண்பிள்ளைகளின் காரியம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெண் குறட்டை விட்டால் வெட்கம், அதனால் மறைப்பு. அந்த மறைப்பில் எத்தனை வருடம் போய்விடுகிறது!

எனக்குப் பாடசாலை படுவான்கரையில். தினமும் ஸ்கூட்டரில் மண்முனைப் பாலத்தைக் கடந்து போவேன். 2022 டிசெம்பரில் ஒரு காலை, ஏழு மணி இருக்கும், இரண்டு பக்கமும் வயல். பாலம் கடந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஒருவர் போட்ட கூச்சல். கண்ணைத் திறந்தால் வண்டி வீதியை விட்டு இறங்கி வாய்க்கால் ஓரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டி ஓட்டியபடியே நான் நித்திரையாகியிருக்கிறேன். அன்று மாலை அதைச் சொன்னபோதுதான் என் கணவர் அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். இரவில் எனக்கு மூச்சு நின்றுவிடுமாம். விறாந்தையில் படுத்துக்கொண்டு எண்ணுவாராம். இருபது, இருபத்தைந்து என்று எண்ணி, எழும்பி ஓடி வருவதற்குள் நான் பெருமூச்சு விடுவேனாம்.

உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போனோம். பகல் நித்திரையை அளக்கும் எட்டுக் கேள்விகளைத் தந்தார்கள். மெல்பேர்னில் 1991இல் வைத்தியர் மரே ஜோன்ஸ் உருவாக்கிய எப்வர்த் அளவுகோல் அது. மொத்தம் 24 புள்ளி, 10க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். எனக்கு 17. பிறகு விரலில் கிளிப், நெஞ்சில் பட்டி, மூக்கில் சிறு குழாய் மாட்டி ஓர் இரவு. மணித்தியாலத்துக்கு 34 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ இருக்கிறது. 10 செக்கனுக்குக் குறையாமல் நீடித்தால்தான் ஒரு தடவையாகக் கணக்கு. 5க்குக் கீழே இருந்தால் வழமை, 30ஐத் தொட்டால் கடுமை.

வாப்பாவின் அறிக்கையில் இந்த இலக்கம் எவ்வளவு என்று பாருங்கள்.

2024 ஜூலை 14, மாலை

நேற்றுக் கேட்க மறந்துவிட்டேன். வாப்பாவுக்குத் தாடி இருக்கிறதா? தந்தது எந்த வகை மாஸ்க்? மூக்கை மட்டும் மூடுவதா, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவதா? எல்லாம் அதில்தான் இருக்கிறது.

2024 ஜூலை 17

தாடி இருக்கிறது, முழு மாஸ்க் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வாப்பாவின் மீது பிழை சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. முழு மாஸ்க்கின் சிலிக்கன் விளிம்பு கன்னத்திலும் நாடியிலும் ஒட்டி நிற்க வேண்டும். தாடி மயிருக்குள் அது எப்படி ஒட்டும்? காற்று கசியும். கசிகிறது என்று பட்டியை இறுக்குவோம். இறுக்க இறுக்க மூக்குத் தண்டு புண்ணாகும், கசிவு மேல்நோக்கிப் போய்க் கண்ணில் அடிக்கும். மூன்றாம் இரவு யார்தான் போடுவார்கள்?

மூக்குத் துவாரங்களில் மட்டும் பொருந்தி நிற்கும் சிறு மெத்தை வகை ஒன்று இருக்கிறது. தாடியைத் தொடாது. வாய் திறந்து நித்திரை கொள்கிறவர் என்றால் அது மட்டும் போதாது, நாடிப் பட்டியும் தேவைப்படலாம். மூக்கு அடைப்பு இருந்தால் முதலில் அதற்கு மருந்து. வாங்கிய இடத்தில் வகையை மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். வைத்தியரிடம் தாடியைப் பற்றிச் சொல்லிவிட்டே கேளுங்கள்.

என் பிரச்சினை மூக்குத்தி. வைத்தியர் கழற்றச் சொன்னார். பதினைந்து வயதில் என் அம்மம்மா கையால் போட்ட மூக்குத்தி அது. மெத்தையின் விளிம்பு அதில் ஏறி நிற்கும், அந்தப் பக்கத்தால் "ஸ்ஸ்" என்று காற்றுப் போகும். ஐந்து இரவு அந்தச் சத்தத்தோடு போராடினேன், ஆறாம் இரவு மாஸ்க்கைக் கழற்றி வைத்தேன். ஏழாம் நாள் மூக்குத்தியைக் கழற்றினேன். அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, சாமியறையில் சிறு கிண்ணம் ஒன்று வைத்தார். இரவு கழற்றி அதில் வைப்பேன், காலையில் முகம் கழுவிப் போடுவேன். துளை மூடவில்லை.

இன்னொன்று எண்ணெய். இரவில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுத்தால் பட்டி வழுக்கும், நெற்றியிலிருந்து இறங்கி வரும் எண்ணெயில் சிலிக்கனும் வழுக்கும். எண்ணெயைக் காலைக்கு மாற்றினேன். படுக்கப் போகுமுன் முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் மாஸ்க். கொண்டை போடுகிற பெண்களுக்கு ஒரு சொல்: கொண்டைக்கு மேலே ஒரு பட்டி, கீழே ஒரு பட்டி என்று போக வேண்டும், கொண்டையின் மேல் ஏறினால் இரவு முழுவதும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

மாஸ்க்கை உட்கார்ந்துகொண்டு சரிசெய்வது வீண். படுத்து, இயந்திரத்தைப் போட்டு, காற்று வரும்போது சரிசெய்ய வேண்டும். படுத்தால் கன்னம் வேறு விதமாக விழுகிறது. பட்டிக்குள் இரண்டு விரல் போக வேண்டும்.

2024 ஜூலை 18

அடிமையாவது பற்றி. மூக்குக்கண்ணாடி போடுகிறவர் கண்ணாடிக்கு அடிமையா? கழற்றினால் மங்கலாகத் தெரிவது கண்ணின் நிலை. இயந்திரத்தை நிறுத்தினால் பழைய நோய் திரும்ப வரும். பழகியதால் புதிதாக ஒரு நோய் வருவதில்லை.

அக்கம்பக்கத்தார் என்னைக் கேட்டதும் இதேபோல்தான்: "டீச்சருக்கு ஒட்சிசன் கொடுக்கிறார்களாம், கடுமையோ?" கொரோனாக் காலத்தில் கண்டது அப்படியே மனதில் நின்றுவிட்டது. இதில் ஒட்சிசன் இல்லை. அறையில் இருக்கும் அதே காற்றை உறிஞ்சி, வடித்து, சிறிது அழுத்தத்தோடு அனுப்புகிறது. நித்திரையில் தொண்டைத் தசை தளர்ந்து சுவர்கள் ஒட்டிக்கொள்கின்றன அல்லவா, அவை ஒட்டாதபடி காற்று உள்ளே முட்டுக்கொடுத்து நிற்கிறது. அவ்வளவுதான்.

சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1980இல் முதல்முதலாக இதைச் செய்து பார்த்தார். தொண்டையில் துளையிட வேண்டும் என்ற நிலையில் இருந்த ஒரு நோயாளி அதற்குச் சம்மதிக்காமல் இதற்குச் சம்மதித்தார். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டார் போன்ற ஒன்றால் காற்று ஊதி, மாஸ்க்கை மூக்கில் சிலிக்கன் பசையால் ஒட்டினார்கள். அந்த மனிதர் அன்றிரவு நித்திரை கொண்டார். இதை வாப்பாவுக்குச் சொல்லுங்கள். பசை போட்டு ஒட்டிக்கொண்டு படுத்தவர்கள் இருந்திருக்கிறார்கள், எங்களுக்குப் பட்டி மட்டும்தான்.

2024 ஜூலை 28

மாஸ்க் மாற்றிக் கிடைத்தது என்று அறிந்து சந்தோஷம். இப்போது அவசரப்படாதீர்கள். இரவில் நேராகப் போட வேண்டாம். பகலில் செய்தி பார்க்கும்போது அரை மணித்தியாலம், காற்றில்லாமல் வெறும் மாஸ்க். அடுத்த நாள் காற்றோடு. பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் விடுங்கள். என் பேத்தி குழாயைப் பிடித்துக்கொண்டு "அம்மம்மா பிள்ளையார் ஆகிவிட்டார்" என்று கைதட்டினாள். அந்தச் சிரிப்பில் என் பயம் பாதி போய்விட்டது.

ரேம்ப் என்று ஒரு வசதி இருக்கும். படுக்கும்போது மிகக் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறும். அது போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஈரப்பதப் பெட்டிக்குக் கொதித்து ஆறிய கிணற்றுத் தண்ணீர் போதும். நான் அதைத்தான் ஊற்றுகிறேன். இப்போது வறண்ட கச்சான் காற்று அடிக்கிற காலம், ஈரப்பதம் இல்லாமல் போட்டால் காலையில் மூக்குக்குள் இரத்தம் கசியும்.

2024 ஓகஸ்ட் 4

மேலே தண்ணீர் பற்றி எழுதியது பிழை. மன்னியுங்கள். இன்று பெட்டியைக் கழுவும்போது அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைக் கண்டேன், நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை. எங்கள் கிணற்றில் உவர் இருக்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு எங்கே போகும்? நீர் ஆவியாக ஆவியாக அடர்த்திதான் கூடும். விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு இது தெரியாத விடயமல்ல, ஆனாலும் செய்திருக்கிறேன். வைத்தியரிடம் கேட்டேன். ஆவியாக்கி வடித்தெடுத்த நீர்தான் ஊற்ற வேண்டும், மருந்தகத்தில் வாங்குவது. எரிபொருள் நிலையத்தில் விற்கும் பட்டரித் தண்ணீர் கூடாது, அது நாங்கள் சுவாசிப்பதற்காகத் தயாரிக்கப்பட்டதல்ல. மீதித் தண்ணீரைக் காலையில் ஊற்றிவிட்டுப் பெட்டியைக் காய விடுங்கள். மிச்சத்தின் மேல் புதியதை ஊற்ற வேண்டாம்.

கழுவுவதையும் சொல்லிவிடுகிறேன். மெத்தையைத் தினமும், குழாயை வாரம் ஒரு முறை, மிதமான சவர்க்கார நீரில். வெயிலில் காயப் போடாதீர்கள். முதல் மாதம் துணிக்கொடியில் கொளுத்தும் வெயிலில் போட்டு, மெத்தை மஞ்சளாகிப் பிசுபிசுத்துப்போய், புதிதாக வாங்கினேன். நிழலில் காற்றாடினால் போதும். கடற்கரை மணலும் உப்புக்காற்றும் உள்ள வீடுகளில் வடிகட்டி சீக்கிரம் சாம்பல் நிறமாகும், வாரம் ஒரு முறை பாருங்கள். காய்ந்த குழாயின் வாயைச் சுத்தமான துணியால் கட்டி வையுங்கள். எறும்பு போகும். ஒரு நாள் போயிருந்தது.

2024 ஓகஸ்ட் 6

வாப்பா பாயில்தான் படுப்பார் என்றால் முக்கியமான ஒன்று. இயந்திரம் தலைமட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பாயில் படுத்து இயந்திரத்தை முக்காலியில் வைத்தால் குழாயில் சேரும் தண்ணீர் நேராக மூக்குக்கு வரும். கட்டிலுக்கு மாறச் சொல்லுங்கள், அல்லது தடித்த மெத்தையிலாவது படுக்கட்டும்.

2024 ஓகஸ்ட் 19

நான்கு மணித்தியாலம் போடுகிறார் என்று எழுதியதை வாசித்து என் கணவருக்கும் சொன்னேன். மகிழ்ச்சி.

ஆனால் காத்தான்குடியிலிருந்து ஒரு சகோதரர், "இதைப் போட்டால் மாரடைப்பு வராது என்று உறுதி சொல்வீர்களா" என்று கேட்டிருந்தார். நான் அவருக்கு அவசரமாக "ஆம்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். பிறகு என் வைத்தியரிடம் கேட்டு, அவர் சொன்னதைத் தேடி வாசித்தேன். அப்படி உறுதி சொல்ல முடியாது. ஏற்கெனவே இதயநோயோ பக்கவாதமோ உள்ள 2717 பேரை வைத்து ஏழு நாடுகளில் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. சீபாப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் வருவதில் வித்தியாசம் காணப்படவில்லை. ஆனால் அவர்கள் சராசரியாக இரவில் 3.3 மணித்தியாலம்தான் போட்டிருக்கிறார்கள். பகல் நித்திரை குறைந்தது, மனநிலை நன்றானது, வேலைக்குப் போகாமல் நின்ற நாட்கள் குறைந்தன என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

ஆகவே நான் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். என் தலையிடி பத்து நாளில் போய்விட்டது. இரத்த அழுத்த மாத்திரை ஒன்றை வைத்தியர் குறைத்தார். இரவில் சிறுநீர் கழிக்க எழும்புவது நின்றேவிட்டது. இதற்குக் காரணம் கேட்டு ஆச்சரியப்பட்டேன்: மூடிய தொண்டையை எதிர்த்து மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குள் இழுவிசை உண்டாகி இதயத்தின் மேலறை விரிகிறது. உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயம் நினைத்து, சிறுநீரை வெளியேற்றும் ஹோர்மோனைச் சுரக்கிறது. இரவில் பல தடவை எழும்புகிற ஆண்கள் எல்லோரும் அதைப் புரஸ்டேட் என்று நினைத்திருக்க வேண்டாம். சோதியுங்கள்.

ஸ்கூட்டர் கதையை மறந்துவிட்டேனே! மூன்று மாதம் கழித்துத்தான் மீண்டும் ஓட்டினேன். அதுவரை என் கணவர் ஏற்றிப்போய் இறக்கினார்.

2024 செப்டெம்பர் 8

வயிறு ஊதி ஏப்பம் வருகிறதா? காற்றை விழுங்குவதால் வருவது. எனக்கும் வந்தது. அழுத்தத்தைக் குறைத்துவிடுங்கள், மெனுவில் உள்ளே போனால் மாற்றலாம்.

2024 செப்டெம்பர் 9

வேண்டாம், நேற்று எழுதியதைச் செய்யாதீர்கள். இரவு முழுவதும் அதை நினைத்துக்கொண்டு கிடந்தேன். அழுத்தம் 4 முதல் 20 நீர் சென்ரிமீற்றர் வரை போகும். வாப்பாவின் தொண்டை எந்த அழுத்தத்தில் திறந்து நிற்கும் என்று பார்த்துத்தான் வைத்தியர் எல்லை போட்டிருக்கிறார். எங்கள் எண்ணத்துக்குக் குறைத்தால் வயிறு அடங்கும், மூச்சு மீண்டும் நிற்கும், மாஸ்க்கும் முகத்தில் இருக்கும். அதைவிட மோசமான ஏமாற்று வேறில்லை. என் அழுத்தத்தை நானே குறைத்து, நான்கு நாள் பழைய தலையிடியோடு எழும்பியவள் நான். இயந்திரத்துக்குள் இருக்கும் சிறு அட்டையில் ஒவ்வொரு இரவின் பதிவும் இருக்கும். அதைக் கழற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். என் வைத்தியர் அதைப் பார்த்து உச்ச எல்லையை இரண்டு குறைத்தார், ஒருக்களித்துப் படுக்கவும் சொன்னார். வயிறு அடங்கியது, மூச்சுத்தடையும் மணித்தியாலத்துக்கு 3க்குள் நின்றது.

2024 ஒக்டோபர் 20

இலண்டனில் இருக்கும் உறவினர் தான் பாவித்த இயந்திரத்தை அனுப்புகிறாராம், வாங்கலாமா என்று வாழைச்சேனையிலிருந்து ஒருவர் கேட்கிறார். எங்கள் ஊர்களுக்கு இப்படிப் பல பொருட்கள் வருகின்றன, அன்போடு அனுப்புகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். பெயரையும் மாதிரியையும் முதலில் பாருங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் பல இயந்திரங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தத்தை அடக்க உள்ளே வைத்த பொலியூரித்தேன் பஞ்சு சிதைந்து, தூளாகக் காற்றோடு வரக்கூடும் என்பதே காரணம். ஓசோனால் சுத்தம் செய்தால் அது இன்னும் மோசமாகும் என்றார்கள். அந்த வரிசையில் உள்ளதா என்று இலக்கத்தை வைத்துப் பார்க்கலாம். இல்லையென்றாலும் அதில் இருப்பது இலண்டன் உறவினரின் தொண்டைக்குரிய அழுத்தம். வைத்தியர் உங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தராமல் ஓர் இரவும் போட வேண்டாம். மாஸ்க், குழாய், வடிகட்டி மூன்றும் புதிதாக இருக்க வேண்டும்.

2024 நவம்பர் 30

எல்லோரும் பாதுகாப்பாக இருக்கிறீர்களா? அக்கரைப்பற்றுப் பக்கம் தண்ணீர் வடிந்ததா? காரைதீவில் வெள்ளத்தில் பிள்ளைகளோடு உழவு இயந்திரம் அள்ளுண்டுபோன செய்தியைக் கேட்டதிலிருந்து மனம் ஒன்றிலும் நிற்கவில்லை. வகுப்பில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் இருக்கிறது.

மின்சாரம் இல்லாத இரவுகளைப் பற்றி மூன்று பேர் எழுதியிருந்ததால் இதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் இரண்டு இரவு இல்லை. மின்சாரம் நின்றால் மாஸ்க்கைக் கழற்றிவிடுங்கள், காற்று வராத மாஸ்க்கோடு படுக்கக் கூடாது. முழு மாஸ்க்கில் வெளிக்காற்று வர ஒரு வால்வு திறக்கும், ஆனாலும் அதை நம்பிப் படுத்திருக்க வேண்டாம். அந்த இரவுகளில் தலையணை இரண்டை வைத்து உயர்த்தி, ஒருக்களித்துப் படுத்தேன். மல்லாந்து படுத்தால் நாக்குப் பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். என் கணவர் கதிரையில் உட்கார்ந்து விழித்திருந்தார், எவ்வளவு சொல்லியும் படுக்கவில்லை.

பட்டரி வாங்குவதானால் இயந்திரத்தின் பின்புறம் எழுதியிருப்பதைப் பாருங்கள். சில 12 வோல்ட், சில 24 வோல்ட். மாறிக் கொடுத்தால் இயந்திரம் போய்விடும். பட்டரியில் ஓடும்போது ஈரப்பதப் பெட்டியின் சூட்டை நிறுத்திவிடுங்கள். மின்சாரத்தைக் கூடுதலாகத் தின்பது அதுதான். மாரிகாலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் அது இல்லாமலும் சமாளிக்கலாம்.

2025 ஜனவரி 12

மார்கழி, தை விடியற்காலைகளில் குழாயில் தண்ணீர் கோத்து "களக் களக்" என்று சத்தம் போடுகிறது, மூக்கிலும் தெறிக்கிறது. என் கணவரின் பழைய சாரம் ஒன்றை நீளமாக வெட்டி, குழாய்க்கு உறை தைத்துப் போட்டேன். ஈரப்பதத்தை ஒரு படி குறைத்தேன். சத்தம் நின்றது. தைக்கத் தெரிந்தவர்கள் யாரும் உறைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நுளம்பு வலைக்குள் குழாயை எப்படிக் கொண்டுபோவது என்று உம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். வலையின் அடியால் கொண்டுபோங்கள், தலைமாட்டுக் கட்டில் சட்டத்தில் ஒரு துணிநாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். திரும்பிப் படுத்தாலும் இழுபடாது.

2025 பெப்ரவரி 10

நேற்று ஞாயிறு நண்பகலுக்கு முன் நாடு முழுவதும் மின்சாரம் போனது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் என்று அமைச்சர் சொன்னார். என் பேத்தி அந்தக் குரங்கு எந்தக் கம்பியைப் பிடித்தது, அதற்கு என்ன நடந்தது என்று இரவு வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு நடந்தது வேறு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் இயந்திரம் இல்லாமல் கண்ணயர்ந்தேன், ஒரு மணித்தியாலம்தான். எழும்பியபோது அந்தப் பழைய தலையிடி, ஈரச்சாக்கைத் தலையில் வைத்ததுபோன்ற கனம். ஆறேழு வருடங்கள் ஒவ்வொரு காலையும் இப்படித்தான் எழும்பினேனா? பகல் நித்திரைக்கு மாஸ்க் தேவையில்லை என்று போன வருடம் ஒருவருக்குச் சொன்னதை இங்கேயே திருத்திக்கொள்கிறேன். தொண்டைக்குப் பகல் இரவு தெரியாது.

2025 மார்ச் 5

நோன்பு தொடங்கிவிட்டது, ஸஹருக்கு மூன்றரை மணிக்கு எழும்பிய வாப்பா சுபஹுக்குப் பின் மாஸ்க் இல்லாமல் படுத்துவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் பொறுமையாக அவருக்குச் சொல்லுங்கள், தம்பி. கனவு காணும் நித்திரை விடியலை நெருங்கத்தான் கூடுதலாக வரும். அந்த நேரத்தில் உடம்பின் தசைகள் மிகவும் தளர்ந்துவிடும், தொண்டையும்தான். பலருக்கு மூச்சு அதிகம் நிற்பதும் ஒட்சிசன் அதிகம் இறங்குவதும் அப்போதுதான். முன்னிரவில் நாலு மணித்தியாலம் போட்டுவிட்டு அந்த இரண்டு மணித்தியாலத்தை விட்டால், குடையைப் பிடித்துக்கொண்டு தூறலில் நடந்து, மழை கொட்டும்போது மடக்கியதுபோல.

ஸஹர் சாப்பிட்ட உடனே படுத்தால் வயிறு ஊதலும் நெஞ்செரிவும் கூடும். தொழுது முடித்துக் கொஞ்சம் நடந்துவிட்டுப் படுக்கட்டும். மாஸ்க்கை அலுமாரிக்குள் வைக்க வேண்டாம், தலையணைப் பக்கத்திலேயே இருக்கட்டும். இருட்டில் கைக்கு எட்டினால் போடுவார்.

2025 மார்ச் 16

வாசித்தேன், மூன்று தடவை வாசித்தேன். வாப்பா தானாகவே "மெத்தையின் இடப்பக்கம் தளர்ந்துவிட்டது, சிறிய அளவு ஒன்று பார்" என்று கேட்டார் என்பதை என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் இப்போது விறாந்தையில் படுப்பதில்லை. ஆனால் இன்னும் சில இரவுகளில் இரண்டு மணிக்கு எழும்பி, மாஸ்க்கின் துளையில் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார். பழக்கம் போகவில்லை என்கிறார்.

உங்கள் மாஸ்க்கும் என் மாஸ்க்கும் ஒரே வகை என்று படத்தில் தெரிகிறது. சிறிய அளவு மெத்தை ஒன்று என்னிடம் பொதி பிரிக்காமல் இருக்கிறது, பெட்டியோடு வந்தது, எனக்கு நடுத்தர அளவுதான் பொருந்தும். வரும் சனிக்கிழமை கல்முனைக்கு வருகிறேன். பஸ் நிலையத்தில் பத்து மணிக்கு நிற்பேன், வாப்பாவையும் அழைத்து வாருங்கள்.